வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?

போன வாரம் ஏ.சி. வாங்கப் போனேன். வாடகை வீட்டில் இருந்த ஜன்னல் ஏ.சி. குளிரை நிறுத்திவிட்டுச் சத்தத்தை மட்டும் தந்துகொண்டிருந்தது. பழைய கட்டடம். வாட்ச்மேனிடம் சொன்னால் "நாளைக்கு ஆள் வரும்" என்பார். துபாயில் சில வருடங்கள் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று தெரியும்.

நான் எங்கே போனாலும் பட்டியலோடு போகிறவள். அறையின் நீளம், அகலம், உயரம், ஜன்னலின் அளவு, பிளக் பாயின்ட் எந்தச் சுவரில் இருக்கிறது என்பது வரை கைப்பேசியில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். காட்டுவதற்குத்தான் ஆளில்லை. ஏ.சி. பகுதியில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை நின்றது. அதற்குள் ஒரு பெண். சிரித்த முகம், சின்ன மூக்கு, நீலச் சீருடை. வரைந்தவர் சொல்லாவிட்டாலும் அவர் மனதில் இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என்று தெரிந்தது. "ஹலோ மேம், என்ன உதவி வேண்டும்?" என்று எழுத்து ஓடியது. திரைக்கு வாசனை கிடையாது. ஆனாலும் எனக்கு வினிகரும் பூண்டும் சேர்ந்து கொதிக்கிற வாசனை வந்தது.

அது ரோவேனா வைக்கும் கோழிக் குழம்பின் வாசனை. சோயா சாஸ், வினிகர், பூண்டு, பிரியாணி இலை, அவ்வளவுதான். மிளகாய் என்ற பேச்சே கிடையாது. முதல் நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சல்காரர்களுக்குச் சமைத்ததோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துபாயின் கராமா பகுதியில் ஒரு ஃபிளாட்டில் இருந்தேன். மூன்று அறை, ஆறு பெண்கள், ஒரு சமையலறை, ஒரு ரைஸ் குக்கர். என் அறையின் இன்னொரு கட்டிலுக்கு வந்து சேர்ந்தவள்தான் ரோவேனா. பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர். மெக்கானிக்கல் எஞ்சினியர். விசிட் விசாவில் வந்திருந்தாள். அப்படி வருகிறவர்களைக் காகிதம் சுற்றுலாப் பயணி என்று சொல்லும். அவர்கள் சுற்றிப் பார்ப்பது கம்பெனிகளின் வரவேற்பறைகளை. இரண்டு மாதத்துக்குள் வேலை கிடைத்தால் விசாவை மாற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும்.

"எஞ்சினியரா வேலை கிடைச்சா இருப்பேன். இல்லன்னா ஊருக்குப் போயிடுவேன்," என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். (நாங்கள் பேசியதெல்லாம் இந்த ஊரின் உடைந்த ஆங்கிலத்தில். ஆனால் அவள் எனக்குத் தமிழில்தான் நினைவுக்கு வருகிறாள். அதற்கு அவள் பொறுப்பில்லை.)

அவர்கள் ஊரில் டாக்டர் மாதிரி எஞ்சினியரும் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற பட்டமாம். எஞ்சினியர் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் நாலு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு பெயர். கல்யாணப் பத்திரிகையில், வீட்டுக் கதவில், ஏன், சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கும்போதும் அப்படித்தானாம். சிரிக்கப் போனேன். அதற்குள் விருதுநகரில் எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பளிங்குக் கல்லில் என் பெயரும் பி.இ.யும் பொறித்திருக்கிறது. அப்பா அதைப் பதித்தபோது எனக்கு ஒரு அரியர் பாக்கி. "கல்லுல ஏத்தியாச்சு. இனிமே நீ பாஸ் பண்ணித்தான் ஆகணும்," என்றார். அந்தப் பேப்பரில் நான் தேறியது தெர்மோடைனமிக்ஸ் புரிந்ததால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லுக்குப் பயந்துதான் தேறினேன்.

ரோவேனாவோடு பழக இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று, அவள் எதையும் கையால் காட்ட மாட்டாள். உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவாள். "உப்பு எங்கே?" என்றால் உதடு அலமாரிப் பக்கம் போகும். இன்னொன்று, "ஆமாம்" என்பதை வாயால் சொல்ல மாட்டாள். இரண்டு புருவத்தையும் ஒரு தடவை தூக்கி இறக்குவாள். முதல் வாரம் நான் கேட்டதற்கெல்லாம் அவள் ஆச்சரியப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவதைப் பார்த்து எனக்குக் கழுத்து வலி என்று ஒரு தைலம் கொடுத்தாள். நல்ல தைலம்தான்.

அவளோடு கடைக்குப் போவதுதான் பெரிய வேடிக்கை. எந்த மாலுக்குள் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து அவளிடம் கேட்பார்கள், "எக்ஸ்க்யூஸ் மீ, இதில் பெரிய சைஸ் இருக்கிறதா?" அவள் தோளில் கைப்பை தொங்கும், கையில் பாதி குடித்த ஜூஸ் இருக்கும், காலில் வீட்டுச் செருப்பு இருக்கும். கேட்கிறவர் கண்ணில் எதுவும் படாது. முகத்தைப் பார்த்தால் போதும், அவர்களுக்குக் கடை தெரிந்துவிடும்.

இந்த ஊரில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். பிலிப்பைன்ஸ் பெண் என்றால் கடைச் சிப்பந்தி. என்னைப் பார்த்தால் நர்ஸ். இல்லை என்றால், "அப்போ கேரளா?" பாகிஸ்தான்காரர் என்றால் டிரைவர். எகிப்துக்காரர் என்றால் அக்கவுன்டன்ட். வெள்ளைக்காரர் என்றால் மேனேஜர். எங்கள் அலுவலகத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தபோது மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அவர் டோனர் எங்கே என்று கேட்ட பிறகும் ஒருவர் உட்காரவில்லை.

"'நான் இங்க வேலை பாக்கல'ன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று ரோவேனாவிடம் கேட்டேன்.

"சொன்னா அவங்க மூஞ்சி சுருங்கிப்போகுது மேம். டவல் மூணாவது வரிசைன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"உனக்கு எப்படித் தெரியும், மூணாவது வரிசைன்னு?"

"போன வாரம் ஒருத்தர் கேட்டார். அப்போ தேடிப் பாத்து வெச்சேன்."

கட்டடத்தின் கீழே சாகுல் பாயின் பலசரக்குக் கடை இருந்தது. கீழக்கரைக்காரர். என்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவர் கடையிலும் இதே கதை. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க ரூம்ல இருக்குற புள்ள வந்து நின்னுச்சுன்னா, வர்றவன் பூரா அதுக்கிட்டதான் வெங்காயம் எங்க இருக்குன்னு கேக்குறான். இருவது வருசமா கல்லாவுல ஒக்காந்திருக்கேன், என்னை ஒருத்தனும் ஓனர்னு நம்ப மாட்டேங்குறான்."

"அவ என்ன பாய் சொன்னா?"

"அதான் தங்கச்சி வெசனமே. உதட்ட நீட்டிச்சு. சரியா வெங்காயத்துப் பக்கம்."

நேர்முகத் தேர்வுகளிலும் முகம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் சான்றிதழ்களும் அவள் ஊரில் வரைந்த குழாய் வரைபடங்களும் இருக்கும். "புது ரிசப்ஷனிஸ்டா? இன்றே சேர முடியுமா?" என்பார்கள். ஒரு கம்பெனியில் காத்திருந்தபோது வரவேற்பறைப் பெண் சாப்பிடப் போய்விட்டாளாம். போன் அடித்திருக்கிறது. அங்கிருந்த எல்லோரும் ரோவேனாவைப் பார்த்திருக்கிறார்கள். அடிக்கிற போனை விட்டால் பாவம் என்று எடுத்திருக்கிறாள். அவள் முறை வருவதற்குள் ஏழெட்டு அழைப்புகளைச் சரியான ஆட்களுக்கு மாற்றிவிட்டாள். தேர்வில் குளிர்நீர்க் குழாயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "போனில் உங்கள் குரல் மிக நன்றாக இருக்கிறது," என்றார்களாம்.

நான் வேலை பார்த்தது அல் கூஸில் ஒரு ஏ.சி. கான்ட்ராக்ட் கம்பெனி. அவளுடைய விவரங்களை எடுத்துக்கொண்டு எங்கள் மேனேஜரிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர். தன்மையாகப் பேசுகிறவர். முடியாது என்பதையும் பலகாரம் கொடுப்பது மாதிரி சொல்வார்.

"புள்ள நல்ல புள்ளையா இருக்குதுங்க அம்மிணி. ஆனா சைட்ல போய் எஞ்சினியர்னு நின்னா ஆளுக கேப்பாங்களா? ரிசப்ஷன்ல போட்டரலாமுங்க. அங்கதான் பதமா இருக்கும்."

"நானும் பொண்ணுதானே சார்? என்னை எடுத்தீங்களே."

"நீங்க நம்மூருப் பொண்ணுங்க. பேசாம கம்ப்யூட்டர்ல உக்காந்துக்குவீங்க."

பாராட்டா, வேறு ஏதாவதா என்று யோசித்தபடி என் இடத்துக்கு வந்து, பேசாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது ரைஸ் குக்கர் கருகிப்போனது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே குக்கரை நம்பியிருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? புதிது வாங்க நானும் ரோவேனாவும் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். இப்போது தொடுதிரை நிற்கிறதே, அதே கடைதான். அவள் பெட்டியில் பாதித் துணியை அடுக்கி முடித்திருந்தாள்.

குக்கருக்குப் போகிற வழியில் ஏ.சி. பகுதி. கந்தூரா என்ற வெள்ளை நீள அங்கி அணிந்த ஒரு அரபுப் பெரியவர் எங்களை நிறுத்தினார். எங்களை என்றா சொன்னேன், அவளைத்தான்.

"என் மஜ்லிஸுக்கு ஏ.சி. வேண்டும். இருப்பதிலேயே பெரியது எது?"

மஜ்லிஸ் என்பது அவர்கள் வீட்டில் விருந்தினரை உட்காரவைக்கும் பெரிய கூடம். ரோவேனா வழக்கம்போல உதட்டை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நின்றாள். அறை எவ்வளவு நீளம் என்று கேட்டாள். சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? மேலே மாடி இருக்கிறதா, மொட்டைக் கூரையா? ஜன்னலுக்குத் திரை உண்டா? பெரியவர் ஒவ்வொன்றுக்கும் கையால் அளந்து பதில் சொன்னார். கடைசியாகக் கேட்டாள்:

"வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவாங்க சார்?"

அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தம்பிகள், மாப்பிள்ளைகள், பேரன்கள் என்று விரல் மடக்கினார். பாதியில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினார். பெரிய ஏ.சி. ஒன்று போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரப்பதம் போகாது, அதற்கு நேர்கீழே உட்கார்ந்தவர் போர்வை கேட்பார், மூலையில் இருப்பவர் விசிறிக்கொள்வார் என்று அவள் விளக்கினாள். நடுத்தரத்தில் இரண்டு வாங்கி எதிரெதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள். அவர் இரண்டு வாங்கினார். பில் போடும் இடத்தில், "வீட்டுக்கு மாட்ட வரும்போது இந்தப் பெண்ணும் வர வேண்டும்," என்று சொன்னதும்தான் கடை மேனேஜருக்கு அப்படி ஒரு பெண் தன் கடையில் வேலை பார்க்கவில்லை என்பது உறைத்தது.

அவர் லெபனான்காரர். எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் நர்ஸா?" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"சேல்ஸ் வேலை. விசாவை நாங்களே மாத்தித் தர்றோம். சம்மதமா?"

ரோவேனா என் பக்கம் திரும்பினாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "ஊருக்குப் போனா நாலு எழுத்து இருக்கும், வேலை இருக்காது. இங்க வேலை இருக்கு, நாலு எழுத்து இல்ல." பிறகு அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவு நாள் பிடிவாதத்தையும் விட்டுச் சொன்ன "ஆமாம்" அது.

லெபனானில் புருவத்தைத் தூக்கினால் "முடியாது" என்று அர்த்தம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மேனேஜர் ஆதரவு தேடி என் பக்கம் திரும்பினார். நானும் "சரி" என்று நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவருக்கு அது இரண்டாவது மறுப்பு.

"சரி, தங்க இடமும் தர்றோம்."

புருவம். தலை.

"ஞாயிற்றுக்கிழமை லீவு. மாலில் யாருக்கும் கிடைக்காது."

புருவம். தலை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கலாஸ், போதும். உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க."

கேட்டதனால் அவள் சொன்னாள். "பேட்ஜ்ல என் பேருக்கு முன்னாடி எஞ்சினியர்னு இருக்கணும் சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஞாயிறு லீவு தரலாம். எஞ்சினியர் தர முடியாது."

"ஏன் சார்?"

"எஞ்சினியர்னு ஒருத்தர் நின்னா, போன வருஷம் வாங்கின வாஷிங் மெஷினை எல்லாம் தூக்கிட்டு வருவாங்க."

"வரட்டும் சார். பாத்துக்கறேன்."

"பேட்ஜில் இடம் கிடையாது."

"நாலு எழுத்துதான் சார். ஒரு புள்ளி."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒரு நர்ஸே இவ்வளவு உறுதியாக இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுவிட்டு எழுதிக்கொண்டார். நாங்கள் குக்கர் வாங்காமலே வீட்டுக்கு வந்தோம். அன்று சாகுல் பாய் கடையில் பரோட்டா பாக்கெட் வாங்கிச் சாப்பிட்டோம்.

அவர் பயந்தது நடந்தது. பேட்ஜைப் பார்த்துவிட்டு ஜனங்கள் மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஒருவர் மாமனாரின் காது கேட்கும் கருவி என்று கொண்டுவந்தார்கள். சிலர் அதுதான் அவள் முதல் பெயர் என்று நினைத்தார்கள். அவள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். என் விசாவில் மெக்கானிக்கல் எஞ்சினியர் என்று அழகாக அச்சிட்டிருந்தது. அந்த வருடம் நான் செய்த வேலை, ஆலோசகர் திருப்பி அனுப்பிய வரைபடங்களில் தேதியை மாற்றி மறுபடி அனுப்புவது. அவர் அவற்றை மறுபடி திருப்பி அனுப்புவார். சேல்ஸ் என்று விசா வைத்திருந்தவள் தினமும் யாரோ ஒருவர் வீட்டுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. அவள் விற்ற ஏ.சி. எதுவும் திரும்பி வருவதில்லை என்பதைத் தலைமை அலுவலகம் கவனித்தது. நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எந்த வரிசையில் கேட்கிறீர்கள், பதிலைப் பொறுத்து எதைக் காட்டுகிறீர்கள் என்று ஒருவர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து கேட்டார். புதியவர்களுக்குப் பயிற்சி என்றார்கள். ரோவேனா மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுத்தாள். எஞ்சினியரைத்தானே இதெல்லாம் கேட்பார்கள்? சில மாதம் கழித்துத் திரைகள் வந்தன. புதியவர்கள் வரவில்லை. பழையவர்களுக்கும் ஒவ்வொருவராக விசா ரத்தானது. கடைசி நாளில் சீருடையைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். பேட்ஜ் வேறு யாருக்கும் ஆகாது என்று குப்பைக் கூடையில் போடப் போனார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். எல்லோரும் அவளை நர்ஸ் என்கிறார்களாம். "உங்க வேலையை நான் எடுத்துக்கிட்டேன் மேம்," என்று ஒரு முறை எழுதியிருந்தாள்.

கராமா கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்து வாடகையை ஏற்றிவிட்டார்கள். ஆறு பேரும் ஆறு பக்கம் போனோம். சாகுல் பாய் கடையில் இப்போது ஆள் நடமாட்டம் குறைவு. வாசலில் டெலிவரி பைக்குகள் நிற்கின்றன. போன மாதம் போயிருந்தபோது, "வெங்காயம் எங்கன்னு கேக்கக்கூட ஆளில்ல தங்கச்சி," என்றார்.

திரை என்னிடம் அறையின் நீளம் கேட்டது. பட்டியலைப் பார்த்துப் பதித்தேன். சாயங்கால வெயில் எந்தச் சுவரில்? மேலே மாடியா, மொட்டைக் கூரையா? திரைச்சீலை உண்டா? விரல் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த கேள்வியில் நின்றது.

வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?

நகரத்தின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதைத் திரைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் பட்டியலிலும் அதற்குப் பதில் இல்லை. பூஜ்யம் என்று போட்டேன். பூஜ்யத்தை ஏற்காது, குறைந்தது ஒருவர் வேண்டும் என்றது. ஒன்று என்று போட்டேன். நீலச் சீருடைப் பெண் சிரித்தாள். அவள் நெஞ்சில் பேட்ஜ் இல்லை. மேற்கொண்டு விவரத்துக்கு எங்கள் ஊழியரை அணுகவும் என்று எழுத்து ஓடியது. சுற்றிலும் பார்த்தேன்.

டிராலி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, திரையின் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தார். "எக்ஸ்க்யூஸ் மீ, ஃபிரிட்ஜ் எங்கே?"

நான் இங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஃபிரிட்ஜ் எங்கே என்பது எனக்குத் தெரியும், வரும்போது பார்த்திருந்தேன். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பை. உதட்டைக் குவித்து வலது பக்கம் நீட்டினேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.